ஒரே தெரு இருவர் காதுக்கு ஏன் இரண்டாகிறது?

கேள்வி இதுதான்: நகரத் தெருவின் சத்தத்தை ஒருவர் உயிரோட்டம் என்கிறார், அதே தெருவில் குடியிருக்கும் இன்னொருவர் தாங்க முடியாத தொல்லை என்கிறார். காதில் விழும் ஒலி இருவருக்கும் ஒன்றாக இருக்கும்போது அனுபவம் மட்டும் இவ்வளவு வேறுபடுவது ஏன், இவர்களில் யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் சரிதான். ஒலி காதில் விழுவதோடு கேட்டல் முடிந்துவிடுவதில்லை. இது எங்கிருந்து வருகிறது, யார் எழுப்புவது, என்னை நோக்கி வருகிறதா, இதை நிறுத்த என்னால் ஏதாவது செய்ய முடியுமா என்று மனம் நொடிப்பொழுதில் விசாரித்து முடிக்கிறது. அந்த விசாரணையின் முடிவைத்தான் நாம் இனிமை என்றோ இரைச்சல் என்றோ உணர்கிறோம். அதே நேரத்தில், மனம் எந்த முடிவுக்கு வந்தாலும் அதைப் பொருட்படுத்தாமல், உடல் தனியாக ஒரு கணக்கு வைத்துக்கொண்டே போகிறது. நகர ஒலியைப் பற்றிய பெரும்பாலான விவாதங்கள் இந்த இரண்டில் ஒன்றை மறந்துவிடுவதால்தான் தடம் மாறிப் போகின்றன என்பது என் கருத்து. எனவே இரண்டையும் சேர்த்தே சொல்ல முயல்கிறேன்.

முதலில் அளவீட்டைப் பற்றிக் கொஞ்சம் தெளிவு வேண்டும். ஒலியின் அளவைக் குறிக்கும் டெசிபல் அளவுகோல் நாம் அன்றாடம் பயன்படுத்தும் மற்ற அளவுகளைப் போல ஏறுவதில்லை. ஒரு சாலையில் ஓடும் வாகனங்களின் எண்ணிக்கை இரு மடங்கானால் ஒலி ஆற்றலும் இரு மடங்காகிறது; ஆனால் கருவி காட்டும் எண் 3 டெசிபல்தான் கூடுகிறது, மனிதக் காதோ அந்த மாற்றத்தைக் கவனித்தால் உண்டு என்ற அளவில்தான் உணர்கிறது. சத்தம் இரு மடங்காகிவிட்டது என்று நமக்குத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும்; அதற்கு ஒலி ஆற்றல் பத்து மடங்காக வேண்டும். ஒரு தெருவில் போக்குவரத்தைப் பாதியாகக் குறைத்த நிர்வாகம் பாராட்டை எதிர்பார்க்கும் நேரத்தில், அங்கே வசிப்பவர்கள் பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்வதற்கு இதுவே காரணம். அவர்கள் நன்றி கெட்டவர்கள் அல்லர். காது அப்படித்தான் அமைந்திருக்கிறது.

காதின் இந்த இயல்பைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் புதிர் தீர்வதில்லை. மக்கள் தெருச் சத்தத்தால் எவ்வளவு எரிச்சல் அடைகிறார்கள் என்று கேட்டு, அந்த விடைகளை ஒலி அளவோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் பல பத்தாண்டுகளாக நடந்து வருகின்றன. தனிமனிதர்களின் எரிச்சலில் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் ஒலி அளவால் விளக்க முடிகிறது என்பது இத்துறையில் நெடுங்காலமாக ஏற்கப்பட்டிருக்கும் மதிப்பீடு. மீதியெல்லாம் ஒலிக்கு வெளியே இருக்கிறது: கேட்பவரின் இயல்பான நுண்ணுணர்வு, ஒலி எழுப்புபவர்மீது அவருக்குள்ள நம்பிக்கை, அந்த ஒலி தேவையானதுதான் என்ற எண்ணம், அது எந்த நேரத்தில் வருகிறது என்பது. இந்தக் காரணங்களைக் கருவியில் பிடிக்க முடியாது என்பதற்காக அவற்றைக் கற்பனை என்று ஒதுக்குவது தவறு.

பெயர் மாறினால் அனுபவமும் மாறும் என்பதைக் காட்டும் எளிய சோதனை ஒன்று உண்டு. 2016இல் வெளியான சுவீடன் ஆய்வில், சொல்லக்கூடிய அடையாளம் எதுவும் இல்லாத 'உஷ்' என்ற ஒரே ஒலிப்பதிவைப் பங்கேற்பாளர்கள் அனைவருக்கும் கேட்கக் கொடுத்தார்கள். சிலரிடம் அது அருவியின் ஒலி என்றும், சிலரிடம் தொழிற்சாலை இயந்திரத்தின் ஒலி என்றும் சொல்லப்பட்டது. களைப்பூட்டும் வேலைக்குப் பிறகு அதைக் கேட்டபோது, அருவி என்று நம்பியவர்கள் கூடுதலாக இளைப்பாறியதாக உணர்ந்தார்கள். ஒலி அலையில் இம்மியளவும் வேறுபாடு இல்லை. தூரத்து நெடுஞ்சாலையின் தொடர் இரைச்சலும் தூரத்து அருவியின் இரைச்சலும் ஒலியியல் கணக்கில் மிக நெருங்கிய உறவினர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்த முடிவின் முக்கியத்துவம் புரியும்.

இதைவிடப் பெரிய அளவில், யாரும் திட்டமிடாமலே நடந்த சோதனை 2020ஆம் ஆண்டின் பொதுமுடக்கம். உலகின் பல நகரங்களில் அந்த மாதங்களில் பறவைகள் முன்னெப்போதும் இல்லாத அளவு உரக்கப் பாடுவதாக மக்கள் சொன்னார்கள். சான் பிரான்சிஸ்கோ பகுதியில் ஒரு சிட்டுக்குருவி இனத்தின் பாடலை அதே காலத்தில் ஆராய்ந்தவர்கள் கண்டது நேர்மாறானது: பறவைகள் முன்னைவிடச் சத்தம் குறைத்துத்தான் பாடின. வாகன இரைச்சல் 1950களின் நிலைக்கு இறங்கியிருந்ததால் அவை தொண்டையை வருத்த வேண்டியிருக்கவில்லை. அப்படியிருந்தும் அவற்றின் பாடல் முன்னைப்போல இரு மடங்கு தூரம் எட்டியது. மக்கள் பொய் சொல்லவில்லை. பின்னணி விலகியதால் முன்னணி தெரிந்தது, அவ்வளவே. நகரத்தில் நாம் எதைக் கேட்கிறோம் என்பதை, அது எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்பதைவிட, எது அதை மூடி மறைக்கிறது என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

கண்ணுக்கு இமை இருக்கிறது, காதுக்கு இல்லை. பார்வை முன்னால் இருப்பதை மட்டும் காட்டும். கேட்டல் முதுகுக்குப் பின்னாலும், மூலைக்கு அப்பாலும், சுவருக்கு அப்பாலும் நடப்பதைச் சொல்லும். தெருவில் நடப்பவர் ஒருவர் தன்னை அறியாமலே செய்யும் கணக்குகளை எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு காதைவிட மற்றதை அதிகபட்சம் ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைவான நேரமே முந்தி அடைகிறது. அந்த நுண்ணிய இடைவெளியையும், தலை மறைப்பதால் ஏற்படும் அளவு வேறுபாட்டையும் கொண்டு மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. கனமான தாழ்ந்த ஒலிகள் தடைகளைச் சுற்றி வளைந்து வரும். கூர்மையான உயர்ந்த ஒலிகள் தடைபட்டு நிற்கும். ஆகவே கட்டடத்துக்கு அப்பால் வரும் லாரி முதலில் மங்கலான உறுமலாகக் கேட்டு, மூலையைத் தாண்டியதும் திடீரெனத் தெளிவு பெறுகிறது. அந்தத் தெளிவே 'வந்துவிட்டது' என்ற செய்தி.

நெருங்கி வரும் ஒலிமீது காதுக்குத் தனி அக்கறை உண்டு. சத்தம் படிப்படியாக உயரும் ஒலியையும், அதே அளவு சத்தம் படிப்படியாகத் தாழும் ஒலியையும் கேட்கச்செய்தால், உயரும் ஒலி கூடுதலாக மாறியதாகவே மனிதர்கள் மதிப்பிடுகிறார்கள் என்பதை உளவியலாளர் ஜான் நியூஹாஃப் 1998இல் காட்டினார். வருவதை மிகைப்படுத்திக் கேட்பது உயிர் காக்கும் பிழை. வேகமாக முடுக்கப்படும் இருசக்கர வாகனம், சீரான வேகத்தில் கடந்துபோகும் காரைவிட நம்மை ஏன் இவ்வளவு உலுக்குகிறது என்பதற்கு இதில் ஒரு பங்கு விளக்கம் இருப்பதாக நினைக்கிறேன்: அதன் ஒலி எப்போதும் ஏறிக்கொண்டே இருக்கிறது, அதாவது எப்போதும் நம்மை நோக்கி வருவதாகவே ஒலிக்கிறது.

தெரு ஒலியைத் தொல்லை என்ற ஒரே தலைப்பில் வைத்துப் பேசுவோர் பார்வையற்றவர்களிடம் ஒருமுறை பேசிப் பார்க்க வேண்டும். அவர்களுக்குத் தெருவின் ஒலிதான் தெருவின் வரைபடம். போக்குவரத்து எந்தப் பக்கம் ஓடுகிறது, எப்போது நின்றது, சாலை எங்கே வளைகிறது, சுவர் எங்கே முடிந்து சந்து தொடங்குகிறது என்பதெல்லாம் ஒலியின் வழியே அவர்களுக்குத் தெரிகிறது. சுவரை ஒட்டி நடக்கும்போது காலடி ஓசை ஒருவிதமாகத் திரும்பி வரும். திறந்த வாசலைக் கடக்கும்போது அது காணாமல் போகும். தடைகளை முகத்தில் உணர்வதாகச் சில பார்வையற்றவர்கள் சொல்லிவந்ததை 1940களில் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தபோது, அந்தத் திறன் முழுக்கக் காதைச் சார்ந்தது என்று தெரிந்தது. காதை அடைத்தால் அந்த உணர்வும் மறைந்தது.

மின்வாகனங்கள் வந்தபோது இந்த வரைபடத்தில் ஓட்டை விழுந்தது. மெதுவாக ஊர்ந்து வரும் மின்கார் ஏறக்குறைய ஓசையின்றி வரும். பார்வையற்றோர் அமைப்புகள் தொடர்ந்து வலியுறுத்தியதன் விளைவாக, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 ஜூலை முதல் புதிய மாதிரிகளிலும், 2021 ஜூலை முதல் விற்பனைக்கு வரும் எல்லாப் புதிய மின்கார்களிலும், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரை செயற்கையாக எச்சரிக்கை ஒலி எழுப்பும் அமைப்பு கட்டாயமானது. அமெரிக்காவில் இந்த வரம்பு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அதற்கு மேல் ஏன் தேவையில்லை என்றால், வேகம் கூடக் கூட டயர் சாலையில் உரசும் ஒலியே எஞ்சினின் ஒலியை மீறிவிடும். எல்லா வாகனங்களும் மின்வாகனங்களாகிவிட்டால் நகரம் அமைதியாகிவிடும் என்ற நம்பிக்கை இதே காரணத்தால்தான் பாதி மட்டுமே உண்மையாகிறது. குறுகிய தெருக்களிலும் சிக்னல்களிலும் மாற்றம் நன்றாகத் தெரியும்; விரைவுச் சாலைகளின் அருகே பெரிதாக ஒன்றும் மாறாது. மழை பெய்து சாலை நனைந்திருந்தால் டயர் ஒலி இன்னும் கூடும்.

அடுத்தது பேச்சு. தெரு இரைச்சல் மனிதர்களிடமிருந்து முதலில் பறிப்பது ஒருவரோடு ஒருவர் பேசும் வசதியைத்தான் என்று நான் கருதுகிறேன். ஆனால் இந்த இழப்பு புகார்ப் பட்டியல்களில் அரிதாகவே இடம்பெறுகிறது. இரைச்சலில் நிற்பவர் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவார் என்பதை எட்டியென் லோம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் பதிவு செய்தார். பறவைகளிடமும் இதே இயல்பு உண்டு. லெய்டன் நகரில் சத்தமான இடங்களில் வாழும் பட்டாணிக் குருவிகள் வாகன உறுமலில் மூழ்கிவிடாதபடி தங்கள் பாடலின் தாழ்ந்த சுரங்களை உயர்த்திப் பாடுவதாக 2003இல் கண்டறியப்பட்டது. மனிதர்களோ குரலை உயர்த்துவதோடு நிற்பதில்லை. பேச்சைச் சுருக்குகிறார்கள், நுணுக்கமானதைப் பிறகு சொல்லலாம் என்று விடுகிறார்கள், கடைசியில் பேசாமலே நடக்கிறார்கள். இரைச்சலான சாலையோரத்தில் இருவர் நின்று பேசும் நேரம் குறைவது யார் கணக்கிலும் ஏறாத இழப்பு.

பல குரல்களுக்கு நடுவே ஒன்றை மட்டும் பிரித்துக் கேட்கும் திறன் நமக்கு உண்டு என்பதை 1953இல் காலின் செர்ரி சோதனைகள் மூலம் விளக்கினார். கவனிக்காமல் ஒதுக்கிய குரலில்கூடத் தன் பெயர் வந்தால் சிலருக்கு அது கேட்டுவிடுகிறது. மனம் வாசலில் நின்று எதை உள்ளே விடுவது என்று தேர்ந்தெடுக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் இந்தத் தேர்வு இலவசமாகக் கிடைப்பதில்லை. அதற்கு உழைப்பு வேண்டும். வயது ஏறும்போது முதலில் மங்குவது உயர்ந்த அதிர்வெண்களைக் கேட்கும் திறன். மெய்யெழுத்துகளில் பலவற்றின் அடையாளம் அங்கேதான் இருக்கிறது. அதனால் முதியவர்களுக்குத் தெருவில் குரல் கேட்கும், சொல் புரியாது. 'காது கேட்கவில்லையா' என்று அவர்களிடம் உரக்கக் கத்துவதால் பயன் இல்லை. பின்னணி இரைச்சல் குறைந்தால்தான் பயன். ஆட்டிச நிலையில் உள்ளவர்கள் பலருக்கு இந்த வடிகட்டும் வேலையே மிகக் கடினம். மற்றவர்கள் கவனிக்காமல் விடும் பிரேக் கிறீச்சிடலும் கடையை மூடும் இரும்புக் கதவொலியும் அவர்களுக்கு ஒரே நேரத்தில் ஒரே வலிமையுடன் வந்து மோதும்.

குழந்தைகள் விஷயத்தில் 1975இல் வெளியான ஒரு நியூயார்க் ஆய்வை இன்றும் மறக்க முடியாது. மேம்பாலத் தண்டவாளத்தை ஒட்டியிருந்த ஒரு பள்ளியில், ரயில் ஓடும் பக்கத்து வகுப்பறைகளில் படித்த மாணவர்கள் மறுபக்கத்து மாணவர்களைவிட வாசிப்புத் திறனில் பின்தங்கியிருப்பதை ஆர்லின் பிரான்சாஃப்ட்டும் டென்னிஸ் மெக்கார்த்தியும் கண்டார்கள். மேல் வகுப்பை எட்டும்போது அந்த இடைவெளி ஓராண்டுப் படிப்பை நெருங்கியது. பிறகு தண்டவாளத்தில் ரப்பர் தட்டுகளும் வகுப்பறைக் கூரைகளில் ஒலி உறிஞ்சும் பலகைகளும் பொருத்தப்பட்டன. மீண்டும் சோதித்தபோது அந்த இடைவெளி மறைந்திருந்தது. அந்தக் குழந்தைகளுக்குச் சத்தம் பழகித்தான் போயிருந்தது. பழகிப்போனது என்றால் பாதிக்கவில்லை என்று பொருளாகாது.

இனி, எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகத் தோன்றும் காரணத்துக்கு வருகிறேன்: கட்டுப்பாடு. உளவியலாளர்கள் டேவிட் கிளாஸும் ஜெரோம் சிங்கரும் 1960களின் இறுதியில் தொடங்கிச் செய்து, 1972இல் தொகுத்து வெளியிட்ட சோதனைகளில், பலர் சேர்ந்து பேசும் குரல்களும் அலுவலக இயந்திரங்களும் கலந்த கடுமையான இரைச்சல், எப்போது வரும் என்று கணிக்க முடியாதபடி விட்டுவிட்டு ஒலிக்கப்பட்டது. அதைத் தாங்கிக்கொண்டே பங்கேற்பாளர்கள் வேலையைச் செய்தார்கள். இரைச்சல் நடக்கும்போது அவர்களின் வேலை பெரிதாகக் கெடவில்லை. அது நின்ற பிறகுதான் விளைவு தெரிந்தது: கடினமான புதிர்களை அவர்கள் விரைவில் கைவிட்டார்கள், பிழை திருத்துவதில் கூடுதலாகத் தவறினார்கள். ஆனால் இன்னொரு குழுவுக்கு, விரும்பினால் இரைச்சலை நிறுத்தலாம் என்று சொல்லி ஒரு பொத்தான் கொடுக்கப்பட்டது. முடிந்தவரை அதை அழுத்த வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளப்பட்டது. அவர்கள் அதைத் தொடவில்லை. அதே இரைச்சலை முழுவதும் கேட்டார்கள். அப்படியிருந்தும் பின்விளைவு அவர்களிடம் மிகவும் குறைந்திருந்தது.

தெருவில் நம் யாரிடமும் அந்தப் பொத்தான் இல்லை. ஹெட்போன் இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இசை ஆர்வம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. 1979இல் வாக்மேன் வந்த நாளிலிருந்து, தெருவில் நடப்பவர் தன் காதுக்கு எது வர வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்யும் வாய்ப்பைப் பெற்றார். அதற்கு அவர் கொடுக்கும் விலை மேலே சொன்ன வரைபடம்: பின்னால் வருவது தெரியாது, அழைப்பவர் குரல் கேட்காது. சத்தத்தை மூட இன்னும் உரத்த சத்தத்தைக் காதில் வைப்பதால் செவித்திறனுக்கு வரும் கேடு வேறு. ஆனாலும் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு எந்த வழியிலும் கிடைக்காத கட்டுப்பாட்டை அவர்கள் இப்படித் தேடிக்கொள்கிறார்கள்.

வீட்டுக்குள் இருப்பவருக்கும் இதே கணக்குப் பொருந்தும். சுவீடனில் சாலையோரக் குடியிருப்புகளில் நடந்த ஆய்வுகளில், வீட்டின் ஒரு பக்கமாவது அமைதியாக இருந்தால், மறுபக்கத்தில் சாலை இரைச்சல் அப்படியே இருந்தாலும், குடியிருப்போரின் தொல்லை உணர்வு குறைந்தது. அந்தப் பயன் சாலை இரைச்சலை 5 டெசிபல் குறைப்பதற்கு இணையாக மதிப்பிடப்பட்டது. படுக்கையறையை அமைதியான பக்கம் வைக்க முடிவதும், வேண்டும்போது அங்கே ஒதுங்க முடிவதும்தான் வேறுபாடு. ஜன்னலை மூடலாம், மூடினால் காற்று வராது என்ற நிலையில் இருப்பவருக்கு அந்த ஜன்னல் உண்மையான தேர்வாகாது. வசதி குறைந்தவர்களின் வீடுகள் பெரும்பாலும் ஒரே அறையாக, ஒரே ஜன்னலோடு, சாலையைப் பார்த்தே இருக்கின்றன என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எது இரைச்சல் என்று முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதும் இதோடு பிணைந்த விஷயம். 19ஆம் நூற்றாண்டு லண்டனில் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் தெரு இசைக்கலைஞர்களுக்கு எதிராகப் பெரும் போராட்டமே நடத்தினார். தன் உழைப்புத் திறனில் கால் பங்கை அவர்கள் அழித்துவிட்டதாக எழுதினார். 1864இல் அவர்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. அந்தக் கலைஞர்களில் பலர் இத்தாலியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைகள். அந்த இசையைக் கேட்டு மகிழ்ந்த தெருவாசிகளும் இருந்தார்கள். வீட்டிலிருந்தே மூளை உழைப்புச் செய்பவருக்கு அது தடை, வேறு பொழுதுபோக்கு இல்லாதவருக்கு அதுவே விருந்து. பாபேஜின் துன்பம் உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சட்டம் அவர் காதை மட்டுமே கேட்டது. நியூயார்க் நகரம் 1929இல் இரைச்சல் ஒழிப்பு ஆணையம் அமைத்தபோது, அளவீட்டுக் கருவிகள் ஏற்றிய லாரி நகரத் தெருக்களைச் சுற்றி வந்தது; செய்தித்தாள்கள் வழியே மக்களிடம் வினாப்பட்டியல் கொடுத்துப் புகார்கள் திரட்டப்பட்டன. கூவி விற்பவர்களையும் தெரு இசையையும் பற்றிய பழைய புகார்களைப் பின்தள்ளி, வாகனங்களும் ஒலிபெருக்கிகளும் முன்னுக்கு வந்திருந்தன. ஆயினும் பல நகரங்களில் இன்றும் கூவி விற்பவரைத் தடுப்பது எளிது, நெடுஞ்சாலையைத் தடுப்பது கடினம். ஒரு மனிதக் குரலுக்கு முகம் உண்டு, புகாருக்கு இலக்காகிறது. போக்குவரத்து இரைச்சலுக்கு முகம் இல்லாததால் அது வானிலையைப் போலப் பொறுத்துக்கொள்ளப்படுகிறது.

இதுவரை சொன்னதை மட்டும் வைத்து, எல்லாம் மனம் சார்ந்ததுதான் என்று யாரேனும் முடிவு கட்டினால் அது ஆபத்தான முடிவு. தூக்கத்தில் மனம் ஓய்ந்திருக்கும்போதும் காது வேலை செய்கிறது. இரவில் வாகனம் கடக்கும்போது விழிப்பு வராவிட்டாலும் இதயத் துடிப்பு மாறுகிறது, ஆழ்ந்த உறக்கம் மேலோட்டமாகிறது. அதே வீட்டில் பல ஆண்டுகள் வாழ்ந்து, இப்போதெல்லாம் கேட்பதே இல்லை என்று மனதார நம்புபவரிடமும் இதயத்தின் இந்த எதிர்வினை முழுமையாக அடங்குவதில்லை. நெடுங்காலச் சாலை இரைச்சலுக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பு இன்று நன்கு நிறுவப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மேற்கு ஐரோப்பாவில் மட்டும் போக்குவரத்து இரைச்சலால் ஆண்டுக்குக் குறைந்தது 10 லட்சம் நலமான வாழ்நாள் ஆண்டுகள் இழக்கப்படுகின்றன. 2018இல் அந்நிறுவனம் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலில், சாலை இரைச்சல் முழு நாள் சராசரியில் 53 டெசிபலுக்கும் இரவில் 45 டெசிபலுக்கும் கீழே இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பெரிய நகரங்களின் முக்கியச் சாலைகளில் இந்த அளவுகள் வழக்கமாக மீறப்படுகின்றன. எனவே, தெருச் சத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது, அதில்லாமல் தூக்கம் வராது என்று சொல்பவரின் அனுபவத்தை மதித்துக்கொண்டே, அவருடைய உடல் வேறொன்று சொல்லக்கூடும் என்பதையும் மறுக்காமல் இருக்க வேண்டும்.

அப்படியானால் நல்ல தெரு எப்படி ஒலிக்க வேண்டும்? ஓசையே இல்லாத தெரு என்று நான் சொல்ல மாட்டேன். ஆளரவமற்ற தெருவில் இரவில் நடப்பவர், குறிப்பாகப் பெண், அமைதியை அச்சமாகவே உணரக்கூடும்; திறந்திருக்கும் வீட்டிலிருந்து வரும் பேச்சொலி அவருக்குத் துணை. ஒலிச் சூழலை ஆராய்வோர் இப்போது பயன்படுத்தும் சர்வதேச ஐஎஸ்ஓ 12913 தரநிலை, 2014இல் வெளியான அதன் முதல் பகுதியிலேயே, ஒலிச் சூழல் என்பதை மனிதர்கள் ஒரு சூழ்நிலையில் உணர்ந்து புரிந்துகொள்ளும் ஒன்றாக வரையறுக்கிறது. அதைத் தொடர்ந்து வந்த பகுதிகளில் இனிமை, தொல்லை ஆகியவற்றோடு, உயிரோட்டம், குழப்பம், அமைதி, சலிப்பு போன்ற உணர்வுகளையும் கேட்டுப் பதியச் சொல்கிறது. அமைதி, சலிப்பு இரண்டுமே குறைந்த சந்தடியில்தான் பிறக்கின்றன. உயிரோட்டம், குழப்பம் இரண்டுமே மிகுந்த சந்தடியில் பிறக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரிப்பது எண்ணில் இல்லை, கேட்பவரின் விடையில் இருக்கிறது.

இந்த அணுகுமுறையின் வேர் கனடாவின் வான்கூவரில் இருக்கிறது. இசையமைப்பாளர் முர்ரே ஷேஃபர் 1960களின் இறுதியிலும் 1970களிலும் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் தன் குழுவினரோடு நகரின் ஒலிகளைப் பதிவு செய்து வகைப்படுத்தத் தொடங்கினார். எப்போதும் அடியில் ஓடிக்கொண்டிருப்பதால் யாரும் கவனிக்காத ஒலி, கவனிக்கச் செய்வதற்கென்றே எழுப்பப்படும் ஒலி, ஓர் இடத்துக்கே உரிய அடையாள ஒலி என்று அவர் செய்த பிரிவு இன்றும் உதவுகிறது. எந்தக் கருவியும் இல்லாமல் இதை யாரும் சோதித்துப் பார்க்கலாம்: பழகிய தெருவில் பேசாமல் கால் மணி நேரம் நடந்து, கேட்டவற்றை இந்த மூன்று வகைகளில் எழுதிப் பாருங்கள். முதல் வகையை எழுதுவதுதான் மிகக் கடினமாக இருக்கும். நம் காலடி ஓசை நமக்கே கேட்கிறதா என்றும் கவனியுங்கள்; கேட்டால் அந்தத் தெரு மனித அளவில் இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

வடிவமைப்பில் செய்யக்கூடியவை நிறைய உண்டு. நியூயார்க்கின் பேலி பூங்கா 1967இல் திறக்கப்பட்டபோது, சிறு நிலத்துண்டின் பின்சுவர் முழுவதும் 20 அடி உயர நீர்வீழ்ச்சி அமைக்கப்பட்டது. அங்கே அமைதி இல்லை, நீரின் ஓசை கணிசமாகவே இருக்கிறது. ஆனால் அது போக்குவரத்தை மூடிவிடுவதால் அமர்ந்திருப்பவர்கள் ஓய்வை உணர்கிறார்கள். பெர்லினின் நாவனர் சதுக்கத்தைப் புதுப்பித்தபோது, எந்த ஒலி வேண்டும், எது வேண்டாம் என்று அப்பகுதி மக்களிடமே கேட்டு வடிவமைத்தார்கள். சாலைப் பக்கம் தாழ்வான கல்தடுப்பு எழுந்தது. விரும்பியவர் விரும்பும்போது பறவையொலி போன்றவற்றைக் கேட்கும் இருக்கைகளும் வைக்கப்பட்டன. மரங்களைப் பொறுத்தவரை, ஒற்றை வரிசை மரங்கள் ஒலியைத் தடுப்பது மிகச் சொற்பம். ஆனால் பசுமை கண்ணில் படும்போது அதே இரைச்சல் குறைவாகத் தொல்லை தருவதாக மக்கள் சொல்கிறார்கள். இந்தப் பயனை ஏற்கலாம், ஆனால் மரம் நட்டுவிட்டோம் என்று காரணம் காட்டி வேகத்தைக் குறைக்காமல் விடக் கூடாது. நான் முன்பு சொன்ன உடலின் கணக்கு மரத்தைப் பார்ப்பதில்லை.

கடைசியாக, சராசரி என்ற எண்ணை எங்கே நம்பக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். இரவு முழுவதற்குமான சராசரி ஒழுங்காக இருக்கும் தெருவில், சைலன்சரை மாற்றியமைத்த ஒரே இருசக்கர வாகனம் பின்னிரவில் கடந்துபோனால் சராசரி சற்றே நகரும், உறக்கமோ தெரு முழுவதும் கலையும். அப்படிப்பட்ட ஒரு வாகனம் இரவில் பாரிஸ் நகரின் குறுக்கே சென்றால் 10,000 பேர் வரை விழித்துக்கொள்ளக்கூடும் என்று அங்குள்ள புரூயிபரிஃப் என்ற ஒலிக் கண்காணிப்பு அமைப்பு கணக்கிட்டது. 2022இன் தொடக்கத்தில் பாரிஸ் தெருக்களில் ஒலி ரேடார்கள் சோதனைக்கு வந்தன. பல ஒலிவாங்கிகள் சேர்ந்து உரத்த வாகனம் எதுவென்று இடம் கண்டுபிடிக்க, கேமரா அதன் எண்ணைப் பதிகிறது. சாலையின் மொத்த இரைச்சலை விட்டுவிட்டு, அதை எழுப்பும் குறிப்பிட்ட வண்டியைத் தேடுவதால் இந்த முறை மக்கள் உண்மையில் கேட்கும் விதத்துக்கு நெருக்கமாக இருக்கிறது: உறக்கம் கலைந்தவரும் சராசரியைக் குறித்துப் புகார் சொல்வதில்லை, எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்றுதான் சொல்கிறார்.